சிங்கப்பூரில் கைமாறிய ஆறு மாதம்

மகனுக்குக் குழந்தை பிறந்தபோது, முதல் ஆறு மாதம் மருமகளின் அப்பா அம்மா மெல்போர்னில் இருப்பது, அடுத்த ஆறு மாதம் நாங்கள் போவது என்று ஏற்பாடானது. எங்களைக் கேட்காமல் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. கேட்டார்கள். அன்றைக்கு நான் வேங்கிக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில், ஓய்வு பெற நான்கே மாதம் இருக்க, தணிக்கைக் கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சரி சரி என்றேன். எதற்குச் சரி சொன்னேன் என்று சாயந்தரம் வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னபோதுதான் எனக்கே விளங்கியது.

ஓய்வு பெற்றால் ஒரு மாதம் தூங்க வேண்டும் என்று பல வருடமாக நினைத்திருந்தேன். மே மாதக் கடைசி நாளில் மாலை போட்டு அனுப்பினார்கள். ஜூனில் கணவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். அதன் நடுவே விசாவுக்கு மருத்துவப் பரிசோதனை, அதற்காகச் சென்னைக்கு இரண்டு முறை போய் வந்தது. ஜூலையில் டிக்கெட்.

சம்பந்தி வீட்டார் ஆரணிப் பக்கம் ஒரு கிராமம். நிலமும் மூன்று கறவை மாடும் உள்ள குடும்பம். அவர்கள் மெல்போர்னில் இருந்த ஆறு மாதமும் எனக்குப் படங்கள் வந்துகொண்டே இருந்தன. கடற்கரையில் சம்பந்தி அம்மா, பூங்காவில் சம்பந்தி அம்மா, சேலைக்கு மேல் கோட்டும் காலில் ஷூவுமாகக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சம்பந்தி அம்மா. ஒவ்வொரு படத்திலும் சிரித்தார். கொடுத்து வைத்தவங்க என்று நான் கணவரிடம் சொல்வேன். அதில் கொஞ்சம் பொறாமை இருந்தது. அவருக்கும் அது தெரியும்.

கிளம்பிய நாள் பௌர்ணமி. மதியத்துக்கு மேல் கிரிவலக் கூட்டத்துக்காக ரோட்டை அடைத்துவிடுவார்கள் என்று டிரைவர் சொன்னதால், இரவு விமானத்துக்குக் காலை எட்டு மணிக்கே வீட்டைப் பூட்டினோம். அதற்குள்ளேயே கூட்டம் நடக்க ஆரம்பித்திருந்தது. அவலூர்பேட்டை ரோடு வழியாகச் சுற்றிக்கொண்டு போய், பிற்பகலிலேயே விமான நிலையத்தில் உட்கார்ந்துவிட்டோம். அங்கே பத்து மணி நேரம், அப்புறம் விமானத்தில் நாலு மணி நேரம். சிங்கப்பூரில் இறங்கியபோது விடிந்திருந்தது. என் கால் செருப்புக்குள் நுழையவில்லை.

சிங்கப்பூரில் எங்களுக்குப் பன்னிரண்டு மணி நேரம் இருந்தது. மகன் வேண்டுமென்றேதான் அப்படி டிக்கெட் போட்டிருந்தான். காலையில் ஊர் பார்க்கலாம். மதியம், ஊருக்குத் திரும்பும் சம்பந்தி வீட்டார் அதே விமான நிலையத்தில் இறங்கி அவர்கள் விமானத்துக்காகக் காத்திருப்பார்கள். மூன்று மணி நேரம் எல்லோரும் ஒன்றாக இருக்கலாம், குழந்தையைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். யோசனை மருமகளுடையது.

கணவர் நில அளவையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். அடுத்தவர் நிலத்தையே அளந்துகொண்டிருந்த மனிதருக்கு ஒரு வேற்று நாடு கிடைத்தால் விடுவாரா? ரயில் பிடித்துத் தமிழ்க் கடைகள் இருக்கும் தெருவுக்குப் போய் இட்லி தின்றோம். பிறகு தண்ணீர் துப்பும் சிங்கச் சிலையைப் பார்க்கக் கூட்டிப்போனார். நான் சிலைக்குப் பக்கத்திலேயே ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். கண்ணை மூடியது நினைவிருக்கிறது. விழித்தபோது அவர் எனக்கு முன்னால் வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவர் நிழல் என் முகத்தில் விழுந்திருந்தது. முக்கால் மணி நேரம் அப்படி நின்றிருக்கிறார். ஆபரேஷன் செய்த உடம்பு. எழுப்ப வேண்டியதுதானே என்று கோபித்துக்கொண்டேன்.

“எங்க எழுப்பறது? நீ இப்படித் தூங்கி நான் பாத்ததே இல்ல,” என்றார்.

விமான நிலையத்துக்குத் திரும்பி, மகன் சொல்லியிருந்த காப்பிக் கடையருகே காத்திருந்தோம். இரண்டரை மணிக்கு அவர்கள் வந்தார்கள். சம்பந்தி முன்னால் இரண்டு பையோடு, சம்பந்தி அம்மா நாலடி பின்னால். படத்தில் பார்த்த ஆளாகவே இல்லை. கழுத்தெலும்பு தெரிந்தது. வலது மணிக்கட்டில் ஒரு துணிப்பட்டை சுற்றி, அதைச் சேலை முந்தானையால் மறைத்திருந்தார்.

ஆண்கள் இருவரும் மாடுகளைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிக்கொண்டு காப்பி வாங்கப் போனார்கள். சம்பந்தி அம்மா உட்கார்ந்ததும் வேலையை ஒப்படைக்க ஆரம்பித்தார். குழந்தை எப்போது எழும், எந்தப் பக்கம் சாய்த்தால் தூங்கும், கஞ்சிக்குத் தண்ணீர் எவ்வளவு, எந்தக் கிழமை எந்தக் குப்பைத்தொட்டியை வாசலில் வைக்க வேண்டும், மின்சார அடுப்பு எப்படிக் கத்தும். நான் ஓய்வு பெற்ற அன்று எனக்கு அடுத்து வந்த பெண்ணிடம் கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. அவர் எதையும் விடவில்லை. கடைசியில் படங்களில் பார்த்த அந்தக் கோட்டைப் பையிலிருந்து எடுத்து என் மடியில் வைத்தார். அங்கே இப்போது குளிர் ஜாஸ்தி, இறங்கினவுடனே போட்டுக்குங்க என்றார்.

கையில் என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். இரண்டாவது முறை கேட்டதற்குத்தான் சொன்னார். குழந்தையைத் தூக்கித் தூக்கி மூன்று மாதமாகவே வலி. இப்போது பாத்திரம்கூடப் பிடிக்க முடியவில்லை. மகளுக்குத் தெரியாது. அவள் வேலையிலிருந்து வரும்போது பட்டையை அவிழ்த்து வைத்துவிடுவாராம்.

“ஏன் சொல்லல?”

“என்னான்னு சொல்றது? அதுவே அசந்துபோய் வருது. சொன்னா அழும். இருக்கறதே ஆறு மாசம், ஓட்டிடலாம்னு ஓட்டிட்டேன்.” ஆண்கள் வருகிறார்களா என்று காப்பிக் கடைப் பக்கம் பார்த்துக்கொண்டார். “ஒண்ணு சொல்றேன், தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்கு முடியலன்னா முடியலன்னு சொல்லிடுங்க. நான் பண்ண மாதிரி பண்ணாதீங்க. இத மட்டும் அவகிட்ட சொல்ல வேணாம்.”

சரி என்றேன். அவர்கள் விமானத்துக்கு அழைத்தபோது எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார், இடது கையால். கல்யாணத்தில்கூட நாங்கள் இவ்வளவு நேரம் பேசியதில்லை. இந்த மனுஷியைப் பார்த்தா பொறாமைப்பட்டோம் என்று வெட்கமாக இருந்தது. அதைவிட, அவர் விட்ட இடத்துக்கு நான் போகிறேன் என்பதே பெரிதாக இருந்தது. திரும்பி அவர்களோடே ஊருக்குப் போய்விடலாமா என்று நினைத்ததை மறைக்க விரும்பவில்லை.

மெல்போர்னில் எல்லாம் அவர் சொன்னபடியே இருந்தது. குழந்தை நல்ல குழந்தை. மருமகளும் நல்ல பெண்தான். மகன் ஏழு மணிக்குப் போவான், அவள் ஏழரைக்கு. இருவரும் திரும்பி வர ஆறு ஆகும். கணவர் காய் நறுக்குவார், தள்ளுவண்டியைத் தள்ளுவார், ஆனால் குழந்தையைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நானும் படங்களில் சிரித்தேன். ஊரிலிருந்து என் தங்கை, கொடுத்து வச்சவ நீ என்று அனுப்பினாள்.

ஆறாவது வாரம் ஒரு வியாழக்கிழமை, மருமகள் வந்து, சனிக்கிழமை அவள் சிநேகிதிகள் பத்துப் பேர் சாப்பிட வருகிறார்கள், பிரியாணி செய்யலாமா அத்தை என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். செய்யலாம் என்றுதான் வாயெடுத்தேன்.

“என்னால முடியலம்மா,” என்று வந்தது.

அவள் நின்றுவிட்டாள். முப்பது வருடம் ஆபீசிலும் வீட்டிலும் நான் சொல்லாத வார்த்தை அது. எனக்கே குரல் புதிதாக இருந்தது.

“அம்மா இதெல்லாம் செஞ்சாங்களே அத்தை,” என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை.

விமான நிலையத்தில் சம்பந்தி அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதை முழுதாக மீறவும் மனம் வரவில்லை, காப்பாற்றவும் முடியவில்லை. “உங்க அம்மாவுக்கு போன் பண்ணி, கை எப்படி இருக்குன்னு கேளு,” என்றேன்.

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நெடுநேரம் பேச்சுச் சத்தம் கேட்டது, பிறகு அழுகை. வெளியே வந்தவள் என் முன்னால் தரையில் உட்கார்ந்து மீதித் துணிகளை மடித்தாள். சனிக்கிழமைச் சாப்பாட்டை வெளியே சொல்லிவிடலாம் என்று மட்டும் சொன்னாள். அன்று அவ்வளவுதான் பேசினோம்.

மறுநாள் சம்பந்தி அம்மா எனக்கு போன் செய்தார். திட்டு வாங்கத் தயாராகத்தான் எடுத்தேன்.

“வேணாம்னு சொன்னேனே,” என்றார். “ரெண்டு பேரும் அழுதோம். இவரு நாளைக்கு வேலூருக்குக் கூட்டினு போறாரு, டாக்டர்கிட்ட. நீங்க படுத்தீங்களா?”

படுக்கிறேன் என்றேன்.

வீட்டுப் பக்கத்திலேயே இருந்த பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் மருமகள் எழுதிப் போட்டு, வாரம் இரண்டு நாள் இடம் கிடைக்க மூன்று வாரம் ஆயிற்று. மகனுக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான், பிறகு சரியானான். முதல் செவ்வாய்க்கிழமை குழந்தையை அங்கே விட்டு வந்ததும், கடற்கரை போகலாமா என்று கணவர் கேட்டார். நீங்கள் போய் வாருங்கள் என்று அனுப்பிவிட்டு, திரையை இழுத்துவிட்டுப் படுத்தேன். மூன்று மணிக்கு விழிப்பு வந்தது. குழந்தையைக் கூட்டிவர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அடுக்களையில் பாத்திரம் கிடந்தது. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து மறுபடி படுத்துக்கொண்டேன்.