சாமி பங்கை ஊற்றியவர்

செய்தி வந்தபோது நான் ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். காணி விஷயமாக அலுவலகத்துக்குப் போன என்னை வழக்கம்போல அடுத்த கிழமை வரச் சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். "அப்பா போயிட்டாங்க மாமா," என்றாள் தொலைபேசியில் செல்வி, வேலாயுதம் பூசாரியின் மகள்.

இதைப் படிக்கும் உங்களில் அவரைப் பூசாரியாக அறிந்தவர்கள் அதிகம். குடிகாரராக அறிந்தவர்களும் இருக்கிறீர்கள். முனியாண்டி பூசையில் படைக்கும் சாராயத்தைப் பூசாரி முதலில் குடித்து, மிச்சத்தை ஆண்களுக்குக் கொடுப்பது எங்கள் தேயிலைத் தோட்டத்து வழக்கம். குடியை விட்ட வருஷம் அவர் போத்தலைத் திறந்து முழுவதையும் சாமிக் கல்லின் அடியில் ஊற்றினார். சாமி கோபித்துக்கொள்ளும் என்று சிலர் பயந்தார்கள், பலர் முணுமுணுத்தார்கள்.

"சாமி பங்க சாமிக்கே குடுத்துட்டேன்," என்றார். "இத்தன வருஷமா அதுல கை வச்சது நான்தான்."

அன்று குடிக்கக் கிடைக்காத கோபத்தோடு, எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பியவர்களில் நானும் ஒருவன்.

பிறகு அவர், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளை மடுவத்தில், குடியை விட நினைப்பவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டி உட்காரவைத்தார். என்னையும் கூப்பிட்டார். நான் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவன். பள்ளிக்கூடத்தில் படித்ததைவிடப் பழைய பத்திரிகைகளில் படித்ததே அதிகம். சாமி கும்பிடாதவன். நம்மால் முடியாததைச் சாமியிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று அவர் சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒப்படைத்து ஒப்படைத்துத்தானே, பரம்பரையாக உழைத்த மண்ணில் வீடு கட்ட ஒரு துண்டு காணி இல்லாமல் நிற்கிறோம் என்று கத்தினேன்.

"காணி கேக்குறத யாரு விடச் சொன்னா தலைவரே? குடிச்சாத்தான் கேக்க முடியும்னு இருக்கீங்களே, அத விடுங்க."

அவரோடு சண்டை போடவே அடுத்தடுத்த ஞாயிறுகளில் போனேன். சண்டை போடுவதற்குத் தெளிவாக இருக்க வேண்டியிருந்தது. அப்படித்தான் என் குடி நின்றது. ஈரல் கெட்டுவிட்டது, இனிக் குடித்தால் பிழைக்க மாட்டேன் என்று டாக்டர் ஏற்கனவே சொல்லியிருந்தார்.

பின்னர் பெருமழையில் மேட்டு லயம் மண்ணோடு போனது. அதில் நான் குடியிருந்த காம்பராவும் போனது. உயிர்ச்சேதம் இல்லை. எங்களையெல்லாம் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். அந்த மண் தாங்காது என்று தோட்ட நிர்வாகத்துக்குப் பல தடவை எழுதிக் கொடுத்தவன் நான். ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஒரு நாள் காலை யாரோ குளிருக்கென்று கசிப்புச் சாராயம் கொண்டுவந்து எல்லாருக்கும் ஊற்றினார்கள். நானும் கோப்பையை வாங்கினேன். டாக்டர் சொன்னது நினைவிருந்தும் வேண்டுமென்றேதான் வாங்கினேன்.

பூசாரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தட்டிவிடவில்லை, புத்தி சொல்லவில்லை. கையை மட்டும் நீட்டினார்.

"இங்க குடுங்க. சாமி பங்குன்னு ஊத்திட்டு வாறேன்."

"நான் சாமி கும்புடாதவன்."

"தெரியும். ஊத்தப்போறது நான்தான."

அவர் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் கொடுத்துவிட்டேன். அவர் மழையில் இறங்கிப்போய் வேலியோரம் ஊற்றினார். நனைந்து திரும்பியவர், "உங்க சாமிக்குப் பேரு இல்லாததால சும்மா ஊத்திட்டேன்," என்றார். அத்தனை இழப்புக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அதன்பிறகு இன்றுவரை நான் தொடவில்லை.

லயம் சரிந்ததற்குப் பொறுப்பானவர்களை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதுமில்லை. பூசாரியும் அதை என்னிடம் கேட்டதில்லை. காணிக்காக இன்னும் அலைகிறேன். அலைவதற்கு உயிரும் தெளிந்த தலையும் இருப்பது அவரால்.

அவர் இல்லாத முதல் ஞாயிறு மடுவத்தைச் செல்வி திறந்து வைத்திருந்தாள். எனக்கு முன்பே நாலைந்து பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் பேசிய இடத்தில் யாரும் பேசாததால் நான் பேசினேன். சாமியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என்னால் தனியாக முடியவில்லை, ஒருவர் கையை நீட்டினார், கொடுத்தேன் என்று மட்டும் சொன்னேன். இதற்கு நம்பிக்கை என்று பெயர்வைக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. பெயர் இல்லாமலே அதை வைத்துக்கொள்கிறேன், பூசாரி.