கமரா வராது என்று சொன்ன ஆட்டம்

தம்பியின் ஒப்பந்தத்தை வீட்டில் முழுதாக வாசித்தவள் நான் ஒருத்திதான். மாலைதீவில் ஓர் உதைபந்தாட்டக் கழகம் அவனை ஒரு பருவத்துக்கு எடுத்திருந்தது. தாள்கள் ஆங்கிலத்தில் வந்தன. அம்மா அவற்றை மாதா படத்துக்குக் கீழே வைத்து மெழுகுதிரி கொளுத்தினா. தம்பி கையெழுத்து வைக்கும் இடத்தை மட்டும் தேடினான்.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் குளிரூட்டல் படித்தவள். ஐஸ் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்க்கிறேன். புதிதாக எது வந்தாலும் கையேட்டை வாசித்த பிறகுதான் தொடுவேன். ஒப்பந்தத்தையும் அப்படியே வாசித்து, அவன் செய்யக்கூடாதவற்றைத் தமிழில் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். குடி, பேட்டி, கழகத்துக்குச் சொல்லாத பயணம் என்று போனது அந்த வரிசை. எல்லாவற்றுக்கும் மேலே சிவப்பு மையில் எழுதியது: விடுமுறையிலும் வேறு எந்த அணிக்கும் ஆடக்கூடாது.

"கோயில் பெருநாளுக்கும் ஏலாதோ, பிள்ளை?" என்று அப்பா கேட்டார்.

"ஏலாது அப்பா."

"அப்ப உவன் என்னத்துக்குப் பந்தடிக்கப் பழகினவன்?"

அப்பா பகிடிக்குக் கேட்கவில்லை. எங்களுடையது அந்தோனியார் கோயிலைச் சேர்ந்த கடற்கரைப் பங்கு. பெருநாள் வாரத்தில் நடக்கும் கிண்ணப் போட்டிக்கு, எங்கே இருந்தாலும் ஊர்ப் பொடியள் வந்துவிட வேண்டும். கொழும்பில் வேலை செய்பவர்கள் லீவு எடுத்து வருவார்கள். முழங்காலில் தையல் போட்டவனும் பட்டி கட்டிக்கொண்டு வருவான். வராதவனின் வீட்டு வாசலில், பெருநாள் ஊர்வலத்தில் அந்தோனியாரைச் சுமந்து வரும் சுருவக்கூடு நிற்காது என்று ஒரு கதை உண்டு. கூடு எல்லா வாசலிலும் நிற்கத்தான் செய்யும். ஆனால் கூட்டோடு வரும் சனம் அந்த வாசலில் நிற்காமல் நடந்துவிடும்.

அவனை மாலைதீவுக்கு அனுப்பியது என்னுடைய படங்கள் என்று சொன்னால் அது மிகையில்லை. இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் பங்கு மண்டபத்தின் மொட்டைமாடியில் ஏறி நின்று அவனுடைய ஆட்டங்களைக் கமராவில் பிடித்தேன். அங்கிருந்துதான் மைதானம் முழுவதும் ஒரே பார்வையில் விழும். அவன் தொட்ட பந்துகளை மட்டும் வெட்டி ஒட்டி, கழகங்களின் முகவரி தேடி அனுப்பினேன். பல கழகங்கள் பதில் போடவில்லை. ஒன்று போட்டது.

ஊரில் அவன் முன்களத்தில் ஆடுபவன். அங்கே இடது பின்களத்தில் போட்டார்கள். அதுவும் எப்போதாவதுதான். மற்ற நாட்களில் மாற்று ஆட்டக்காரருக்கான வாங்கில் குந்தியிருந்தான். வேலை முடிந்து வந்து அந்த ஆட்டங்களைக் கைபேசியில் பார்ப்பேன். கமரா வாங்குப் பக்கம் திரும்பும்போது, நடுவில், ஒரு துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு இருப்பான். தொலைபேசியில் "நல்லாப் போகுது அக்கா" என்பான். நானும் "ஓம், பாத்தனான்" என்பேன். ஊரில் அவன் கிழமைக்கு ஒரு கோல் போடுவதாக நம்பினார்கள். நான் யாரையும் திருத்தவில்லை.

பருவம் முடிந்து வரும்போது இரண்டாவது வருடத்துக்கும் எடுப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். திரும்பிப் போனதும் கையெழுத்து. அதற்கு இடையில்தான் பெருநாள் வந்தது.

எங்கள் ஊர்க் கழகத்தின் கப்டன் என் மாமாவின் மகன். என்னைவிட மூப்பு. இறுதியாட்டத்துக்கு முதல் நாள் மச்சான் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மச்சாள், ஒரு அலுவல்."

"ஏலாது."

"நான் இன்னும் ஒண்டும் கேக்கேல்லையே."

"கேக்கப்போறது தெரியும். ஏலாது."

"பொறும். இறுதியாட்டம் மட்டும்தான். அடுத்த பங்குக்காரர் நீர்கொழும்பிலை இருந்து ரெண்டு பேரை இறக்கியிருக்கினம்."

"அவை பிரேசிலிலை இருந்து இறக்கினாலும் ஏலாது."

மச்சான் சிரித்தார். பிறகு எல்லாவற்றுக்கும் வழி வைத்திருப்பதாகச் சொன்னார். காய்ச்சலில் கிடக்கும் ஒரு பொடியனின் பெயரும் இலக்கமும் தம்பிக்கு. ஒலிபெருக்கியில் வர்ணனை சொல்பவரிடம் பேசியாகிவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊராருக்கு வழக்கமாகப் போகும் நேரலை இந்த முறை இல்லை.

"கமரா வராது. ஆராவது கொண்டு வந்தால் நானே பறிச்சுக் கடலுக்கை எறிவன். அந்தோனியாரிலை சத்தியம்."

தம்பி படியில் இருந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்தேன்.

"நீ வேண்டாம் எண்டால் ஆடேல்லை அக்கா," என்றான்.

அந்த ஒரு வசனம் இல்லாவிட்டால் நான் விட்டிருக்கமாட்டேன். தீர்ப்பை என் கையில் தந்துவிட்டுத் தலையைக் குனிந்திருந்தான். ஒரு வருடம் வாங்கில் இருந்தவன். "சரி, ஒரு ஆட்டம்," என்றேன்.

மறுநாள் நேரத்துக்கே மைதானத்துக்குப் போய்ச் சுற்றி வந்தேன். மத்தியஸ்தர் மேசைக்குப் பக்கத்தில் வழக்கமாக நிற்கும் கமரா முக்காலி இல்லை. கோல் கம்பங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை. கைபேசி தூக்கிய இரண்டு சின்னப் பொடியளை மச்சான் எனக்கு முன்னாலேயே அதட்டினார். பெண்கள் இருக்கும் பக்கம் போய் இருந்துகொண்டேன். மேலே நிமிர்ந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

தம்பி அன்றைக்கு ஆடிய ஆட்டத்தைச் சொல்லத்தான் வேண்டும். பந்து காலில் ஒட்டிக்கொண்டு போனது. நீர்கொழும்பிலிருந்து வந்த ஒருவரை விழுத்தாமலே விழ வைத்தான். முதல் கோல் விழும்வரை வர்ணனைக்காரர் காய்ச்சல்காரப் பொடியனின் பெயரைச் சொல்லித் தாக்குப்பிடித்தார். கோல் விழுந்ததும் அவருக்கு எல்லாம் மறந்துபோனது.

"கடல் கடந்து வந்த எங்கள் மாலைதீவுச் சிங்கம்! பாருங்கள் மக்களே, பாருங்கள்!"

"அண்ணை, அவனுக்குக் காய்ச்சலெல்லோ!" என்று யாரோ கத்த, மைதானமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. சத்தம் கடலைத் தாண்டாது என்று நினைத்தேன். கிண்ணம் எங்கள் பங்குக்கு வந்தது. பாண்ட் வாத்தியத்தோடு ஒழுங்கை ஒழுங்கையாகக் கொண்டுபோனார்கள்.

இரண்டு நாளில் மாலைதீவுக் கழகத்தின் முகாமையாளரிடமிருந்து தம்பிக்கு ஒரு காணொளி வந்தது. கீழே, இது நீயா என்று ஒரே ஒரு கேள்வி. முழு ஆட்டமும் நேரலையாகப் போயிருந்தது. கனடாவிலிருந்தும் பாரிசிலிருந்தும் அவனுடைய பெயரைச் சொல்லி வாழ்த்துக்கள் வரிசையாக விழுந்திருந்தன. படம் மேலேயிருந்து பிடிக்கப்பட்டிருந்தது, மைதானம் முழுவதும் ஒரே பார்வையில்.

"மச்சான் ஏமாத்திப்போட்டான் அக்கா," என்றான் தம்பி. அவனுடைய முகம் வெளுத்திருந்தது.

எனக்குக் கோபம் வந்தால் கை வேகமாக வேலை செய்யும். அன்றைக்கே முகாமையாளருக்கு என் பெயரில் எழுதினேன். ஊரின் நெருக்குதலில் ஆடினான். கமரா இருக்காது என்று வாக்குத் தந்தார்கள். அவனுக்குத் தெரியாமல் படம் பிடித்தார்கள். முகாமையாளர் மரியாதையாகப் பதில் போட்டார். இதையே உங்கள் ஊர்க் கழகம் எழுத்தில் உறுதிப்படுத்தினால் எச்சரிக்கையோடு விட்டு, ஒப்பந்தத்தைத் தொடரலாம் என்றார்.

அந்தக் கடிதத்தையும் நானே எழுதி, அச்செடுத்துக்கொண்டு, கரைக்குப் போனேன். மச்சான் படகு இயந்திரத்தைக் கழற்றி வைத்திருந்தார். கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"இதிலை நான் கையெழுத்து வைக்கேலாது மச்சாள்."

"கமரா வராது எண்டு சத்தியம் பண்ணினது நீங்கள்தானே?"

"ஓம்."

"வந்ததுதானே?"

"ஓம்."

"அப்ப இதிலை எது பொய்?"

அவர் தாளை எண்ணெய் படாமல் விளிம்பில் பிடித்து என்னிடம் நீட்டினார்.

"அவனுக்குத் தெரியாமல் எண்டு எழுதியிருக்கிறீர், அது."

எனக்கு உடனே விளங்கவில்லை. மச்சான் இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். "தம்பியைக் கேளும். கழகத்துக்குள்ளை கதைச்சதை நான் வெளியிலை கதைக்கமாட்டன்."

வீட்டுக்கு வந்தபோது தம்பி சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் சாப்பிட்டு முடியும்வரை காத்திருந்து கேட்டேன். முதலில் இல்லை என்றான். பிறகு சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தான்.

"நான்தான் படம் பிடிக்கச் சொல்லிக் கேட்டனான்."

"எப்ப?"

"மாலைதீவிலை இருக்கேக்கை."

"கமராவை மண்டப மொட்டைமாடியிலை வைக்கச் சொன்னதும் நீயோ?"

"நீ அங்கை இருந்துதானே வடிவா எடுப்பாய்."

அதைச் சொல்லும்போது அவனுடைய குரலில் மறைப்பு எதுவும் இருக்கவில்லை. பிறகு கொட்டத் தொடங்கினான். "அங்கை என்னை ஆர் பாத்தது அக்கா? வாங்கிலை இருக்கிறதை நீயும் பாத்தனிதானே, பாத்திட்டுப் பேசாமல் இருந்தனிதானே? ஒரு ஆட்டம், முழுசா, முன்னுக்கு நிண்டு ஆடுறதைச் சனம் பாக்கட்டும் எண்டு நினைச்சன். வேறை கழகக்காரர் ஆராவது பாத்தாலும் பாப்பினம். மாலைதீவுக்காரர் தமிழ் நேரலை பாப்பினம் எண்டு ஆர் கண்டது?"

"நான் வேண்டாம் எண்டால் ஆடேல்லை எண்டாய்."

அவன் நிலத்தைப் பார்த்தான். "அப்பிடிச் சொன்னால் நீ ஓம் எண்டுவாய் எண்டு மச்சான் சொன்னவன்."

வாசலில் நடந்தது முழுவதும் எனக்காகப் போடப்பட்ட நாடகம். மச்சானின் சத்தியமும் தம்பியின் குனிந்த தலையும் முதலே பேசி வைத்தவை. மைதானத்தில் நான் ஒவ்வொரு மூலையாகப் பார்த்துக்கொண்டு போனதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள்.

தம்பி மெதுவாகக் கேட்டான், "கழகச் செயலாளரிட்டைக் கையெழுத்து வாங்குவமே? அவருக்கு ஒண்டும் தெரியாது."

தொழிற்சாலையில் குழாய்களில் அமோனியா ஓடுகிறது. சோதிக்காத வால்வுக்குச் சோதித்தேன் என்று கையெழுத்து வைத்தால், மூச்சுமுட்டிச் சாகிறவர்கள் ஐஸ் அள்ள வருபவர்கள். என் கையெழுத்தைப் பற்றி எனக்கு இருக்கும் பிடிவாதம் அங்கே பழகியது. முகாமையாளரிடம் போன கடிதத்தில் என் பெயர் இருந்தது. அதில் ஒரு வரி பொய். அதன் மேல்தான் அவர் தீர்மானம் எடுக்கப்போகிறார்.

"நீ எழுது. நடந்ததை நீயே சொல்லு. மன்னிப்புக் கேள். நாளைக்குக் காலமை நான் வேலைக்குப் போகமுதல் நீ எழுதாட்டி நான் எழுதுவன்," என்றேன்.

காலையில் அவன் போர்த்துக்கொண்டு படுத்திருந்தான். விழித்திருந்தது தெரிந்தது. நான் எழுதியதை அவன் தலைமாட்டில் நின்று தமிழில் வாசித்துக் காட்டினேன். முன்பு எழுதியதில் ஒரு விஷயம் தவறு, எனக்கு அப்படிச் சொல்லப்பட்டது, படம் பிடிப்பது அவனுக்குத் தெரியும். அவன் திரும்பவில்லை. அனுப்பிவிட்டு வேலைக்குப் போனேன்.

முகாமையாளர் எனக்கு நன்றி சொல்லி ஒரு வரி எழுதினார். தம்பிக்கு, ஒப்பந்தம் இல்லை என்று.

அன்று பின்னேரம் மச்சான் வந்தார். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. "கையெழுத்து வைச்சு விடுவம் எண்டுதான் வந்தனான். தாள் எங்கை?" என்றார். சொன்னேன். "உமக்கென்ன விசரே?" என்றார். பிறகு, நான் என்னமோ தன் கையைத் தட்டிவிட்டது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போனார்.

பங்கில் இப்போது நான் தம்பியைக் காட்டிக்கொடுத்தவள். பூசை முடிந்து வரும்போது ஒரு பெண், எனக்குக் கேட்கத்தான், "சொந்தச் சகோதரமடி, யூதாசுக்கும் காசு கிடைச்சது, உவளுக்கு என்ன கிடைச்சது?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். நான் நடந்துகொண்டேயிருந்தேன். இரண்டு ஆண்கள் சேர்ந்து என்னை ஏமாற்றிய கதையை அவளிடம் சொன்னால், கிண்ணம் வந்ததுதானே என்பாள். அந்தக் கிண்ணம் இப்போது மண்டபக் கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது.

தம்பி அப்பாவோடு கடலுக்குப் போகிறான். பின்னேரத்தில் தனியாகப் பந்தடிக்கிறான். என்னோடு கதைப்பதில்லை. போன கிழமை அம்மா குசினிக்குள் வந்து, கையில் வேலை இல்லாமல் நின்றுகொண்டு, வேறு ஏதாவது நாட்டுக் கழகத்தின் முகவரி என்னிடம் இருக்கிறதா என்று கேட்டா.

"இருக்கு," என்றேன். "அவனை வந்து கேக்கச் சொல்லுங்கோ."

அவன் இன்னும் கேட்கவில்லை.