சும்மா இருக்கும்போது மட்டும்

மடிக்கணினியைத் திறந்ததும் விசைகளின் மேல் புறங்கையை வைத்துப் பார்க்கிறார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, "என்னடா பண்ணுது உனக்கு?" என்று கேட்கிறார். தெருவில் அவருக்கு டாக்டர் என்று பெயர் வந்தது இப்படித்தான்.

நகல் எடுக்கும் கடைக்கு மேலே, ஒற்றை ஜன்னல் வைத்த அறையில் பழுதுபார்க்கிறார். கழற்றிய திருகாணிகளைக் காலியான மாத்திரை அட்டையின் குழிகளில், எந்த மூலைக்கு எது என்று பிரித்துப் போட்டு வைப்பார். கை சும்மா இருக்காது. சரியாகிவிட்ட கணினியைக்கூடத் தட்டிக்கொண்டும் திட்டிக்கொண்டும் இருப்பார். நகலெடுக்கப் போகும்போதெல்லாம் மாடியேறி அவரோடு உட்காருவது என் வழக்கம். வீட்டில் யார் யார் என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒரு பூனை இருந்துச்சு. எதிர்வீட்ல நல்லா கவனிக்கிறாங்கன்னு அதுவும் குடி மாறிடுச்சு."

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா ஒருவர் தன் கணினியை இரண்டாம் தடவையாகத் தூக்கிக்கொண்டு வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். முதல் தடவை டாக்டர் மெமரியை மாற்றி, "இனிமே நிக்காது" என்று அனுப்பியிருந்தார். மறுபடியும் நின்றிருக்கிறது.

"வேலை செஞ்சா ஒண்ணும் ஆகறதில்ல. தொறந்து வச்சுட்டுக் காத்திருந்தா அப்படியே உறைஞ்சு போயிடுது" என்றார் அந்த அம்மா. வெளிநாட்டில் இருக்கும் மகள், கல்யாணப் பேச்சில் முறைத்துக்கொண்டு போனவள், இப்போதுதான் மனம் இறங்கிக் கூப்பிடத் தொடங்கியிருந்தாள். எப்போது கூப்பிடுவாள் என்று சொல்ல முடியாது. கூப்பிடும்போதெல்லாம் கணினி நின்று கிடந்தது. "நான் வேணும்னே எடுக்கலன்னு நெனைக்கிறா."

"போன்ல பேசலாமேம்மா?" என்றார் டாக்டர்.

"குரல் மட்டும் கேட்டா சண்டையில முடியுது. மூஞ்சியப் பாத்தா ரெண்டு பேருக்கும் வாய் அடங்கிடும்."

அன்று முழுக்க டாக்டர் அதை வேலை வாங்கினார். படம் ஓடவிட்டார், கணக்குப் போடவிட்டார். ஒரு குறையும் தெரியவில்லை. அலுத்துப்போய் முடிவெட்டிக்கொள்ளப் போனார். திரும்பி வந்தால் திரையில் இருந்த கடிகாரம் அவர் படியிறங்கிய நேரத்திலேயே நின்றிருந்தது. மவுஸ் அம்பை அசைத்துப் பார்த்தார், நகரவில்லை.

"நான் விடாம நோண்டிட்டே இருந்தா எப்படிப் புடிபடும்?" என்று என்னிடம் சொன்னார். அதற்கப்புறம் அவர் பட்ட பாடு சொல்லி மாளாது. கணினியின் செட்டிங்கை ஒவ்வொன்றாக மாற்றிவிட்டு, கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, பேசாமல் அதன் எதிரே உட்கார வேண்டியிருந்தது. அந்த அறையில் அவ்வளவு நிசப்தத்தை நான் கேட்டதில்லை. அவருக்கும் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அந்த அம்மா வாங்க வந்தபோது டாக்டர் விளக்கினார். "வேலை இல்லன்னா பிராசஸர் தூங்கும்மா, கரண்ட்ட மிச்சம் புடிக்க. லேசாத் தூங்கினா எழுந்துக்கும். இது ஆழமாப் போயிட்டா எழுந்துக்க மாட்டேங்குது. அந்த ஆழத் தூக்கத்த மட்டும் நிறுத்தி வச்சுட்டேன். பேட்டரி சீக்கிரம் தீரும், கொஞ்சம் சூடாகும்."

"ஆகட்டும். அவ கூப்பிட்டா எடுத்தாப் போதும்."

"இருங்க, சும்மா வச்சுப் பாத்துட்டே எடுத்துட்டுப் போங்க. இன்னொரு தடவை உங்கள அலைய வைக்கக் கூடாது."

மூவரும் காத்திருந்தோம். யாரும் எதையும் தொடவில்லை. மத்தியானம் தாண்டிய பிறகு கணினியில் அழைப்பு ஒலித்தது. அந்த அம்மா பொத்தானை அழுத்தினார். மகளின் முகம் வந்தது. அம்மாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்கம்மா இருக்க?" என்றாள் மகள்.

"சரி பண்ற கடைலதான். இவருதான் பண்ணாரு" என்று திரையை அவர் பக்கம் திருப்பினார் அந்த அம்மா. டாக்டர் அவசரமாகச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"ரொம்ப நன்றிங்க அங்கிள். சாப்டீங்களா?"

"ஆச்சும்மா" என்றார் அவர்.

அந்த அம்மா படியிறங்கியதும் டாக்டர் மேஜைக்கடியிலிருந்து, காலையில் வாங்கிப் பிரிக்காமலே வைத்திருந்த சாப்பாட்டுப் பொட்டலத்தை எடுத்து வைத்துவிட்டு, கை கழுவப் போனார்.