கூடை மட்டும் இறங்கிய மாடி

கொச்சங்காடியில் சுக்கு வாசனையை இப்போதெல்லாம் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் தெருவில் இன்று காப்பி வாசனை. அதுவும் பெரிய இயந்திரம் ஒன்று சீறிச் சீறி இறக்கும் காப்பி. சென்ற மாதம் அப்படி ஒரு கடையின் மாடியில் உட்கார்ந்திருந்தேன். எதிரே இங்க்ரிட். அவளைச் சுற்றி நார்வேயில் சமூக சேவை படிக்கும் ஐந்தாறு பிள்ளைகள். இங்க்ரிட் இப்போது அவர்களுடைய ஆசிரியை. பல வருடங்களுக்கு முன் அவளும் இப்படி ஒரு மாணவியாக இங்கே வந்தவள்தான். அப்போது அவளுக்கு மொழிபெயர்த்துச் சொன்னவன் நான்.

"இவர்தான் அந்த அம்மா பேசியதை எனக்குச் சொன்னவர்" என்று பிள்ளைகளிடம் அறிமுகப்படுத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "சார், அதை நீங்களே இவர்களுக்குச் சொல்லுங்கள்" என்றாள்.

காப்பியின் மேல் யாரோ பாலால் ஓர் இலை வரைந்திருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் உட்கார்ந்திருந்தது அந்த அம்மாவின் அறையில்தான். இங்க்ரிட்டுக்கு அடையாளம் தெரியவில்லை. சுவரை இடித்து, வெள்ளையடித்து, தொட்டிச்செடி வைத்துவிட்டால் யாருக்குத்தான் தெரியும்? எனக்கு ஜன்னலை வைத்துத் தெரிந்தது.

அந்த ஜன்னலைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்து வளர்ந்தவன் நான். ஆமினாம்மா பாலக்காட்டிலிருந்து கல்யாணமாகி வந்தபோது எனக்கு அரைக்கால் சட்டை வயது. எங்கள் வீட்டைப் போலவே அவர்கள் வீட்டிலும் தமிழ்தான் பேச்சு. வாசலைத் தாண்டினால் மலையாளம். கீழே அவர் கணவரின் சுக்குக் கிடங்கு, மேலே குடித்தனம், நடுவில் ஏணியைப் போலச் செங்குத்தான மரப்படி. மீன்காரர் வந்தால் ஆமினாம்மா இறங்கி வர மாட்டார். கயிற்றில் கட்டிய கூடை ஒன்று ஜன்னல் வழியாக ஆடி ஆடி இறங்கும்.

"சேட்டா, சாளை நல்லதா பாத்துப் போடுங்க. நேத்துப் போட்டதைப் பூனைகூடத் திரும்பிப் பாக்கல!"

ஒருமுறை அந்தக் கூடையில் நான் ஒரு தவளையைப் போட்டு அனுப்பினேன். "யாருடா அது? உங்க அத்தாட்ட சொல்றேன் பாரு!" என்று மேலேயிருந்து சத்தம் வந்தது. அத்தாவிடம் சொல்லவில்லை. மறுநாள் கூடை இறங்கியபோது அதில் எனக்காக முறுக்கு இருந்தது. தவளைக்கு முறுக்கு கிடைக்கும் என்றால் எந்தப் பையன் திருந்துவான்? நானும் திருந்தவில்லை.

பிறகு படித்தேன். கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தேன். தெருவுக்கு மாஷ் ஆனேன். ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியனின் பெரிய துன்பம், அவன் ஆங்கிலத்தைக் கேட்க ஆள் இல்லாததுதான். என் மனைவி இருந்தவரை, "தமிழ்லயே திட்டுங்க, புரியும்" என்பாள். ஆகவே வெளிநாட்டு மாணவர்களோடு வீடு வீடாகப் போக முடியுமா என்று பழைய நண்பர் ஒருவர் கேட்டபோது, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு ஓடினேன்.

மூன்று பெண்கள், ஒரு பையன். பெரிய பெரிய காலணிகள். ஒவ்வொரு வாசலிலும் குனிந்து அவிழ்ப்பதற்குள் வீட்டுக்காரர்களுக்கே பாவமாக இருக்கும். இங்க்ரிட்தான் அதிகம் கேட்பாள். நடக்க முடியாத முதியவர்களுக்கு நகராட்சியிலிருந்து யார் வருவார்கள் என்று கேட்டாள்.

"யாரும் வர வேண்டாம். பிள்ளைகள் இருக்கிறார்களே" என்றேன்.

"பிள்ளைகள் செய்யாவிட்டால்? அப்போது யார் பொறுப்பு?"

படகுத்துறைச் சாயாக்கடையில் நின்றிருந்தோம். நான் சிரித்தேன். கடைக்காரரிடம் அந்தக் கேள்வியை மலையாளத்தில் சொன்னேன், அவரும் சிரித்தார். அங்கேயே பெரிய பிரசங்கம் செய்தேன். உங்கள் நாட்டில் அலுவலகம் செய்வதை எங்களிடம் ரத்தம் செய்கிறது என்ற மாதிரி ஏதோ. ஆங்கிலம் அன்று எனக்கு அருவியாகக் கொட்டியது. தன் அப்பா முதியோர் இல்லத்தில் இருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வதாகவும் இங்க்ரிட் மெல்லச் சொன்னாள். அவள் முகம் சிறுத்துப்போனதைப் பார்த்தேன். ஜெயித்துவிட்டதாகத் தோன்றியது எனக்கு. இதை எழுதவே கை கூசுகிறது.

ஜெயித்ததற்குச் சாட்சி வேண்டும் அல்லவா? ஆமினாம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

அவர் கணவர் அதற்குள் காலமாகியிருந்தார். கிடங்கை ஒரு பழம்பொருள் கடைக்கு வாடகைக்கு விட்டு, ஒரே மகன் சலீம் குடும்பத்தோடு மாடியின் பின்பாதியில் இருந்தான். முன்னறைக் கட்டிலில், ஜன்னலை ஒட்டி ஆமினாம்மா. முட்டி இரண்டும் மடங்காது. எங்களைக் கண்டதும் சலீமுக்குத் தலைகால் புரியவில்லை.

"மதாம்மாமாருக்கு லைம் வாங்கிட்டு வரேன் மாஷே. உம்மாட்ட என்ன வேணும்னாலும் கேளுங்க!"

அவன் படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை ஆமினாம்மா பேசவில்லை. இங்க்ரிட் கட்டிலருகே மண்டியிட்டு, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டாள். நான் தமிழில் கேட்டேன். ஆமினாம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, என்னைக் கீழ எறக்கச் சொல்லு. வாசல்ல செத்த நேரம் ஒக்காரணும், அவ்வளவுதான். 'விழுந்துருவீங்க உம்மா'ங்கறான் சலீமு. பெருநாளைக்குக்கூட எறக்கல. கூடைகூட தெனமும் எறங்குது, நான் எறங்கல. இவங்க கவர்மெண்டு ஆளுங்கதானே? இவங்க சொன்னா அவன் கேப்பான்."

நான்கு முகங்களும் என்னையே பார்த்தன. சாயாக்கடையில் நான் பேசியதெல்லாம் அந்த முகங்களில் இருந்தது.

"தனக்கு ஒரு குறையும் இல்லை என்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "மகன் ராணி மாதிரி வைத்திருக்கிறானாம். பெற்ற பிள்ளை இருக்கும்போது வேறு யார் எதற்கு என்கிறார்."

இங்க்ரிட்டுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்த ஆமினாம்மா, தான் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டதாக நினைத்தார். அவள் கன்னத்தைத் தடவினார்.

"பாவம், அழுவுது பாரு. இந்தப் புள்ள செய்யும் தம்பி."

திரும்பும்போது, படியில் பின்புறமாகக் காலைத் துழாவித் துழாவி இறங்கிய பையன் நின்று கேட்டான்: "அவர் இதில் எப்படி இறங்குவார்?"

"மகன் தூக்கிக்கொண்டு இறங்குவான்" என்றேன். அவன் படியை இன்னொரு முறை பார்த்தான். கேட்க எதுவும் இல்லை என்று நம்பிவிட்டான். கேட்கத் தெரிந்தவர்களாக வந்த பிள்ளைகள் அவர்கள். அதை மறக்கவைத்து ஊருக்கு அனுப்பினேன்.

அன்று மக்ரிப் தொழுகை முடிந்ததும் சலீமிடம் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவனே ஓடி வந்தான். "உம்மா என்ன சொல்லிச்சு மாஷே?" அவன் கெட்டவன் இல்லை. தூக்கும்போது கால் தவறி உம்மா விழுந்துவிடுமோ என்ற பயம் அவனுக்கு, கூடவே இடுப்புவலி. கீழே ஓர் அறையைத் திரும்ப வாங்கலாம் என்றால் அந்த வாடகையில்தான் வீடு ஓடியது. இதெல்லாம் எனக்குத் தெரியும். "உன்னைப் பத்தி நல்லாத்தான் சொன்னாங்க" என்றேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அதன்பின் நான் அந்த ஜன்னலுக்குக் கீழே போகும்போதெல்லாம் மேலேயிருந்து குரல் வரும்.

"தம்பி, அந்தப் புள்ளைங்க எதாச்சும் எழுதுனாங்களா?"

"எழுதுவாங்கம்மா."

சில நாட்களில் நான் பின்சந்து வழியாகப் போகப் பழகிக்கொண்டேன். வாடிக்கையாளர் தலையில் இடிக்கிறது என்று கீழ்க்கடைக்காரர் சொல்லி, கூடையும் நின்றுபோனதாகக் கேள்விப்பட்டேன்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் ஆமினாம்மா மௌத்தானார். உடலை வைத்துத் தூக்கிப்போகும் சந்தூக் மாடிக்கு ஏறவில்லை. படி குறுகல், திருப்பவும் இடமில்லை. எப்படி இறக்குவது என்று வாசலில் நின்று ஆளாளுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தோம். பக்கத்துக் கிடங்கில் சுமை தூக்கும் மொய்து வந்து படியேறினான், நானும் பின்னால் ஏறினேன். வெள்ளைத் துணியோடு சேர்த்து அவரை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டான்.

"ஒரு ஆளு போதும் மாஷே" என்றான். "ஒண்ணும் கனமே இல்ல."

மெதுவாக, ஒருமுறைகூட நிற்காமல் இறங்கினான். நான் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். ஆமினாம்மா வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தார்.

இவ்வளவையும்தான் சென்ற மாதம் காப்பிக்கடையில் அந்தப் பிள்ளைகளிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு முன்னால் இங்க்ரிட் பேசினாள். ஊர் திரும்பியதும் அப்பாவை இல்லத்திலிருந்து வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டாளாம். அவரைப் பார்த்துக்கொள்ள, படித்து முடித்துக் கிடைத்த வேலையையும் விட்டாளாம். உடன் இருந்தவன் பிரிந்து போனானாம். "அப்பாவிடம் கத்தியிருக்கிறேன். கோபம் வரும்போதெல்லாம் அந்த அம்மா சொன்னதை நினைத்துக்கொள்வேன். அப்பா என் வீட்டில்தான் இறந்தார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்" என்றாள். ஒவ்வோர் ஆண்டும் தன் மாணவர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்வாளாம்.

எங்கோ குளிரில் கிடந்த ஒரு கிழவருக்கு என் பொய் நல்லது செய்திருக்கிறது. அதை எடுத்து ஆறுதலாக வைத்துக்கொள்ளலாமா என்று பல நாள் பார்த்தேன். முடியவில்லை. அந்த நல்லது போய்ச் சேர்ந்தது வேறொருவரிடம்.

"சொல்லுங்கள் சார்" என்றாள் மறுபடியும். பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஒரு பெண்ணுக்குக் கண் இப்போதே கலங்கியிருந்தது.

சொன்னேன். ஒரு குறையும் இல்லை என்றார். மகன் ராணி மாதிரி வைத்திருக்கிறான் என்றார். ஒரு சொல் பிசகாமல் வந்தது. பொய்யை இவ்வளவு பத்திரமாக வைத்திருந்திருக்கிறேன். இப்போது உங்களிடம் தமிழில் எழுதுகிறேன், அவர்களில் ஒருவரும் படிக்க மாட்டார்கள் என்று தெரிந்தே. இதையும் நீங்கள் என் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

எழுந்தோம். சலீம் வீட்டை விற்றுவிட்டு இடக்கொச்சிப் பக்கம் போய் வெகுகாலமாயிற்று. வாங்கியவர்கள் அந்த மரப்படியைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். வருகிறவர்களுக்குச் சிரமமாக இருந்ததாம். இப்போது அகலமான படி, இரண்டு பக்கமும் கைப்பிடி, யார் வேண்டுமானாலும் இறங்கலாம். என் முட்டிகளும் இப்போது மடங்குவதில்லை. முதல் படியில் நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு இங்க்ரிட் ஓடி வந்தாள். என் தோளுக்கடியில் கையைக் கொடுத்து, ஒவ்வொரு படிக்கும் நின்று, என்னைக் கீழே இறக்கி வாசலில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தாள்.