ஒரு பாட்டில், மூன்று ஊர்

போன வாரம் ஸ்டெல்லா போன் செய்தாள். தென்காசியில் நான் விலங்கியல் பாடம் நடத்திய காலத்து மாணவி. இப்போது மரவட்டை ஆராய்ச்சி செய்கிறாள். தொட்டால் சுருண்டுகொள்ளுமே... அதேதான். சிரிக்காதீர்கள்!

யாரோ எப்போதோ தவறான வகையில் சேர்த்துவிட்ட ஒரு மரவட்டையைச் சரியான வகைக்கு மாற்றப் பார்க்கிறாள். அதற்கு வளர்ந்த ஆண் வேண்டும். ஆணின் ஏழாவது வளையத்துக் கால்களைப் பார்த்துத்தான் இனத்தையே சொல்ல முடியுமாம். இரண்டு சாரல் சீசனாக மலையில் அலைந்தும் ஆண் சிக்கவில்லை. கடைசியில் எங்கள் கல்லூரி மியூசியத்துப் பழைய பாட்டிலில் கிடைத்துவிட்டது.

"பெண்ணு நெறைய கெடக்கு சார், ஆணு ஒண்ணே ஒண்ணுதான். லேபிள்ல குற்றாலம்னு உங்க கையெழுத்து. அங்கன புடிச்சதுதானே?"

'ஆமாம்' என்று சொல்லியிருந்தால் அவள் வேலை அன்றே முடிந்திருக்கும். நாக்கு நுனி வரை வந்தது... சொல்ல மனசு வரவில்லை.

நடந்தது இதுதான். ஒருமுறை கல்லூரிக்கு இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. குற்றாலம், செங்கோட்டை, சிவகிரி என்று மூன்று ஊர் மரவட்டைகள் மூன்று பாட்டில்களில் இருந்தன. மூன்றிலும் ஸ்பிரிட் வற்றி, பார்க்கச் சகிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே புது பாட்டிலில் கொட்டினேன். அழகாக ஒரே ஒரு லேபிள் எழுதி ஒட்டினேன்.

பழைய பாட்டில்களுக்குள் கிடந்த, பென்சிலில் ஊர்ப் பெயர் எழுதிய சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு அட்டெண்டர் சுப்பையா அண்ணாச்சி நின்றார். "இதையும் உள்ள போட்டுருதேன் சார், கெடந்துட்டுப் போகுது."

"அசிங்கமா இருக்கும் அண்ணாச்சி. தூரப் போடுங்க."

வந்த அதிகாரிகள் அந்த அலமாரிப் பக்கமே திரும்பவில்லை. பாடம் செய்த மயிலைப் பார்த்தார்கள், டீ குடித்தார்கள், போய்விட்டார்கள்!

ஸ்டெல்லாவிடம் அத்தனையும் சொன்னேன்.

"அப்ப ஆணும் பெண்ணும் ஒரே இனமான்னுகூடச் சொல்ல முடியாதுல்லா சார்?"

முடியாது. இனி மூன்று ஊரிலும் முதலிலிருந்து தேட வேண்டும். அந்தக் காடுகளில் எவ்வளவு மிச்சமிருக்கிறதோ? நாம் அவசரத்தில் ஒதுக்கித் தள்ளுவது, யாரோ ஒருவர் பல வருஷம் தேடப்போகும் பொருளாக இருந்துவிடுகிறது. வெட்கமாக இருக்கிறது. அதைவிட, அவள் ஒரு வார்த்தை திட்டாததுதான் வலிக்கிறது.

"விடுங்க சார். கட்டுரைல உங்க பேரு வராம பாத்துக்கிடுதேன்" என்றாள்.

பேர் வராது. 'பிடித்த இடம்: தெரியவில்லை' என்று ஒரு வரி மட்டும் வரும்... அது நான் எழுதியது.