கச்சேரியில் அடித்த பெரட்டு மணி

இன்று சுங்கை பட்டாணியில் ஓர் ஆர்க்கெஸ்ட்ரா, போன நூற்றாண்டு அமெரிக்க இசையை வாசித்தது. என் மகள் அதில் வயலின் வாசிப்பதால் அக்காவும் நானும் போயிருந்தோம். அக்கா பாதியிலேயே கண்ணயர்ந்துவிட்டாள்.

திடீரென வயலின்கள் ஓய்ந்தன. ஒருவர் தொங்கவிட்டிருந்த இரும்புத் துண்டைச் சுத்தியலால் அடித்தார்.

அக்கா எழுந்து நின்றுவிட்டாள்.

"எங்கக்கா போற?"

"பெரட்டுக்கு அடிச்சிட்டாங்கல்ல. பேரு கூப்பிடுவாங்க லா."

அக்கா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில், விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தண்டவாளத் துண்டை இப்படித்தான் அடிப்பார்கள். தோட்டத்தை விற்று இருபது வருடமாகிறது.

அவளைச் சிரித்துக்கொண்டே உட்கார வைத்தேன். மணி கேட்டதும் என் காலும் செருப்பைத் தேடியதைச் சொல்லவில்லை.

முன்வரிசையில் நரைத்த தலை அண்ணன் ஒருவரும் எழுந்து நின்றார்.

அண்ணே, இதைப் படித்தால் சொல்லுங்கள். நீங்கள் எந்தத் தோட்டம்?