சேரன்மகாதேவிக்கு ஒரு பொங்கல் பயணம்: 286 கணினியும் பிப்ரவரி 29-ம்

தாமிரபரணிக் கரையில் இரண்டு நாள் சுற்ற எது நல்ல நேரம் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். என் பதில் ஜனவரி. நான் முதலில் அங்கே போனதும் 1996 பொங்கலின்போதுதான். ஆனால் ஊர் பார்க்கப் போகவில்லை, வேலையாகப் போனேன்.

சென்னையில் நான்கே பேர் இருந்த மென்பொருள் நிறுவனத்தில் அப்போது நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு விவசாயிகள் சங்கத்துக்கு, யார் வயலுக்கு என்றைக்குத் தண்ணீர் என்று முறை போட்டு அச்சிடும் மென்பொருள் கொடுத்திருந்தோம். அதன் பழைய பதிப்பு லீப் வருடத்தை மறந்துவிட்டது. பிப்ரவரி 29-ஐ விழுங்கி, அன்றைக்கு முறை இருந்தவரின் பெயரையும் சேர்த்து விழுங்கியிருந்தது. புதிய பதிப்பில் இந்தப் பிழை இல்லை. அதை நிறுவிவிட்டு வருவதுதான் என் வேலை.

இரவு முழுக்கப் பேருந்து. மாட்டுப் பொங்கலன்று காலை திருநெல்வேலியில் இறங்கி, ஜங்ஷனிலிருந்து பாபநாசம் பேருந்தைப் பிடித்தேன். சேரன்மகாதேவிக்குச் சுமார் இருபது கிலோமீட்டர், மூன்றரை ரூபாய் டிக்கெட். வழியெல்லாம் மாசி, பங்குனியில் அறுக்கும் பிசான நெல், கண் கூசும் பச்சை.

சங்கச் செயலாளர் சங்கரலிங்கம் அண்ணாச்சி பள்ளிக்கூட ஆசிரியர். காப்பி கொடுத்துவிட்டுக் கணினியைக் காட்டினார். அது 286, 386-க்கு முந்தைய வகை. எங்கள் புதிய பதிப்பை மொழிமாற்றிய கம்பைலர், அதாவது நாம் எழுதுவதை எந்திரத்துக்குப் புரியும்படி ஆக்கும் மென்பொருள், 386-க்குக் கீழே எதற்கும் வேலை செய்யாது. போட்டுப் பார்த்தேன். திரை ஒரு வரி ஆங்கிலத்தில் மறுத்துவிட்டு நின்றது.

விழுங்கப்பட்ட பெயருக்கு உரியவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். பத்தமடை மைதீன் அண்ணாச்சி, கால்வாயின் கடைமடையில் வயல் வைத்திருப்பவர். "அன்னைக்குக் கதிரு பால் பிடிக்குத நேரம்மா. அந்த முறை போச்சுன்னா அடுத்த முறைக்குள்ள பதராயிரும்" என்றார்.

"கையால் எழுதிச் சேர்க்க முடியாதா?" என்று கேட்டேன்.

"எழுதலாம். பழையபடி சண்டை வரும்" என்றார் சங்கரலிங்கம் அண்ணாச்சி. "மிசினு போட்டதுன்னுதான் எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இருக்காவ."

எஸ்.டி.டி. பூத்திலிருந்து எங்கள் மேலாளரின் வீட்டுக்குப் பேசினேன். "எத்தனை நாளைக்குப் பழைய பெட்டியைத் தாங்குறது? இருக்கறதே நாலு பேர். எல்லாத்தையும் ரெண்டு தடவை சோதிக்கணும். 386 வாங்கச் சொல்லும்மா" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒவ்வொரு பழைய எந்திரத்துக்காகவும் நாங்கள் இழந்த வாரங்கள் எனக்கும் தெரியும்.

சங்கரலிங்கம் அண்ணாச்சியிடம் சொன்னேன். "வாங்குவோம். அறுப்பு முடியட்டும்" என்றார். "புதுசா நாங்க ஒண்ணும் கேக்கலியேம்மா. தப்பா இருக்கத சரி பண்ணிக் குடுங்கன்னுதான கேக்கோம்?"

பையைத் திறந்து தேடினேன். பழைய பதிப்பின் நிரல் ஒரு பிளாப்பி வட்டில் இருந்தது. திருத்தச் சில வரிகள் போதும். இல்லாதது 286-க்கும் மொழிமாற்றித் தரும் பழைய கம்பைலர்தான். அலுவலகத்தில் இடம் போதவில்லை என்று அழித்துவிட்டிருந்தோம்.

செயலாளருக்குத் தெரிந்த ராஜாத்தி என்பவர் பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் கணினி ஆசிரியை; அங்கே அது இருக்கலாம் என்று மறுநாள் போனோம். காணும் பொங்கலும் அதுவுமாக, எங்களுக்காகக் கல்லூரியில் சாவி வாங்கி ஆய்வுக்கூடத்தைத் திறந்தார். கூடவே தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கல்.

"கம்பைலர் புதுசும் இருக்கு, பழசும் இருக்கு. அழிக்கல" என்றார். "எங்க பிள்ளைகள்ல பாதிப் பேருக்குப் பழைய மெஷின்தான் கெடைக்கி. இங்க எழுதுனது அங்கன ஓடலன்னா அதுக என்னத்தப் படிக்கும்?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் திருத்தியதை வரி வரியாகச் சரிபார்த்தார். மூன்றாவது முயற்சியில் பிழையின்றி முடிந்தது. அன்றைக்கே திரும்பிப் போய் 286-இல் ஓட்டினோம். டாட் மேட்ரிக்ஸ் அச்சு எந்திரம் கிறீச்சிட்டது. 29-ஆம் தேதிக்கு நேராக மைதீன் அண்ணாச்சியின் பெயர்.

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். "நாலு வருசத்துக்கு ஒருக்க வார நாளு. அதை எனக்குன்னு எடுத்து வச்சிருக்கு, பாத்தீரா வே!" என்று செயலாளரிடம் சொல்லிச் சிரித்தார். மறுநாள் அவரே கல்லிடைக்குறிச்சி வழியாக மணிமுத்தாறு அருவிக்குக் கூட்டிப்போனார். டிக்கெட்டுக்கு என்னைக் காசு எடுக்கவிடவில்லை.

ஊர் திரும்பி மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீண்ட வாக்குவாதத்துக்குப் பின் ஒரு முடிவுக்கு வந்தோம்: பழைய பதிப்பில் புது வசதி எதுவும் சேர்ப்பதில்லை. ஆனால் அதை ஒருவராவது பயன்படுத்தும்வரை பிழைகளைத் திருத்திக் கொடுப்போம். பழைய கம்பைலரை மறுபடி நிறுவியவர் மேலாளர்தான். அந்த அறுவடைக்குப் பிறகு, சொன்னபடியே, சங்கம் 386 வாங்கியது.

இனி போகிறவர்களுக்கு: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரியில் கால்வாய்களில் தண்ணீர் ஓடும், வெயிலும் உறைக்காது. சேரன்மகாதேவியில் தங்க வசதி குறைவு, அறையைத் திருநெல்வேலியிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கல் நாட்களில் பேருந்துகள் நிரம்பி வழியும், காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

பழைய கணினிகளுக்கான ஆதரவை எப்போது நிறுத்தலாம் என்று என்னோடு வேலை செய்கிறவர்கள் இன்றும் கேட்கிறார்கள். என்றைக்காவது நிறுத்தத்தான் வேண்டும். அதற்கு முன் ஒருமுறை பேருந்தேறிப் போய், அதை வைத்திருப்பவரின் வீட்டில் ஒரு காப்பி குடித்துவிட்டு வாருங்கள் என்பேன்.